ஆண்டு இல்லாத தேதிகளும் ஒரு சின்ன நிரலும்

வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, குடும்பப் புகைப்படங்களுக்கான சர்வராக வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்தும் எடுத்துப் பார்க்க வசதியாக தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியைத் திறந்துவிட்ட நாளிலிருந்து, நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத்.லாக் கோப்பு வீங்கத் தொடங்கியது. யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக் கதவைத் தட்டுகிறார்கள். எந்த ஐபி முகவரி, எந்தப் பெயர், எத்தனை முறை என்பதை முனையத்தில் ஒரே கட்டளையில் பார்க்க விரும்பிப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வார இறுதி கோப்புகளைத் திறப்பதிலேயே போனது. பதிவுக் கோப்புகளைப் பராமரிக்கும் லாக்ரொட்டேட், வாரம் ஒருமுறை பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கி, நான்கு பழைய பிரதிகளை வைத்துக்கொள்கிறது. அவற்றில் .1 என்று எண்ணிட்டது வெறும் உரை; .2 முதல் ஜிசிப் என்ற முறையில் சுருக்கப்பட்டவை. பெயரின் வாலைப் பார்த்து இரண்டையும் ஒரே வழியில் திறக்கும்படி செய்தேன். பைத்தானின் ஜிசிப் தொகுதி, 'ஆர்டி' என்று சொல்லாவிட்டால் எழுத்துகளுக்குப் பதில் பைட்டுகளைத் தரும். அது புரிய ஒரு மாலை ஆனது.

அடுத்த வாரம் தேதி. உபுண்டு 22.04 எழுதும் பழைய சிஸ்லாக் வடிவப் பதிவு வரியில் மாதம், நாள், நேரம் உண்டு, ஆண்டு கிடையாது. ஆண்டு தராவிட்டால் பைத்தான் 1900 என்று எடுத்துக்கொள்கிறது. எடுத்து வைத்திருந்த 2024 பிப்ரவரி கோப்பை ஓட்டியதும், 29ஆம் தேதி வரியில் நிரல் நின்றுவிட்டது. 1900 லீப் ஆண்டு அல்லவே! இந்தப் பிழையைக் கண்டபோது உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது. மார்ச் கோப்பில் சோதித்திருந்தால் எல்லாத் தேதியும் 1900 என்று சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கும்.

தீர்வாக, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட ஆண்டைக் கடைசி வரிக்குக் கொடுத்து, கீழிருந்து மேலே போகிறேன். ஜனவரிக்கு மேலே டிசம்பர் வந்தால் ஓர் ஆண்டைக் குறைக்கிறேன். ஆனால், பென் டிரைவுக்கு நகலெடுத்திருந்த கோப்புகள் எல்லாம் நகலெடுத்த நாளையே காட்டின. நகலெடுக்கும் சிபி கட்டளைக்கு '-பி' சேர்த்திருந்தால் பழைய நேரம் அப்படியே இருந்திருக்கும். இப்போது ஆண்டைக் கட்டளையிலேயே சொல்ல ஒரு தெரிவு வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தோல்வியுற்ற முயற்சி இப்படிப் பதிவாகும் (முகவரியை மாற்றியிருக்கிறேன்; 'ரூட்' என்பது நிர்வாகியின் பயனர் பெயர்):

ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட் ஃப்ரம் 203.0.113.7 போர்ட் 51234 எஸ்எஸ்எச்2

'ஃப்ரம்' என்பதற்கு அடுத்த சொல்லை முகவரியாக எடுத்தேன். பிறகு ஒரு சந்தேகம்: பயனர் பெயரை அனுப்புகிறவர் எதிராளிதானே, அந்தப் பெயருக்குள்ளேயே 'ஃப்ரம் 10.0.0.1' என்று எழுதினால்? இன்னொரு கணினியிலிருந்து நானே அப்படி ஒரு பெயரில் நுழைய முயன்றேன். நிரல் 10.0.0.1ஐக் குற்றவாளியாகக் காட்டியது. இந்தப் பட்டியலை நம்பி முகவரிகளைத் தடுத்தால், ஒரு பாவமும் அறியாதவரைத் தடுக்க நேரும். ஆகவே வரியின் முடிவிலிருந்து பொருத்தும்படி, தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை மாற்றினேன்.

மாற்றியதும் மொத்த எண்ணிக்கை குறைந்தது. விடுபட்ட வரிகளைத் தனியே அச்சிட்டுப் பார்த்தேன். ஒரே செய்தி அடுத்தடுத்து வந்தால் பதிவுகளை எழுதும் ஆர்சிஸ்லாக் அதைத் திரும்ப எழுதாமல், 'மெசேஜ் ரிப்பீட்டட் 2 டைம்ஸ்' (செய்தி 2 முறை திரும்ப வந்தது) என்று தொடங்கி மூலச் செய்தியைச் சதுர அடைப்புக்குள் வைக்கிறது. கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை அடைப்புக்குறிதான் என் பொருத்தத்தைக் கெடுத்திருக்கிறது. அதைவிட முக்கியம், முன்பு அந்த வரியை ஒன்றென எண்ணியதே தவறு. இரண்டு என்று எண்ணியிருக்க வேண்டும். இப்போது அந்த எண்ணைப் பிரித்தெடுத்துக் கூட்டுகிறேன். பொருந்தாத வரிகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு முறையும் இறுதியில் காட்டுகிறேன். நிரலில் நான் மிகவும் நம்பும் பகுதி அதுதான்.

நேற்று கடவுச்சொல் நுழைவை மூடி, சாவிக் கோப்பு இருந்தால் மட்டுமே உள்ளே வரலாம் என்று அமைத்தேன். இன்று காலை நிரல் பூஜ்யம் காட்டியது. பொருந்தாதவை மட்டும் ஏறியிருந்தன. திறந்து பார்த்தால் 'இன்வேலிட் யூசர்' (இல்லாத பயனர்) வரிகள் வரிசையாக நிற்கின்றன. தட்டுகிறவர்கள் போகவில்லை, பதிவாகும் வாசகம்தான் மாறியிருக்கிறது. இந்த சனிக்கிழமை வேலை அதுதான்.