சொல்ல வந்ததும் எழுதி வைத்ததும்

ஒரு நாவலைப் படித்து முடித்ததும், “பின்பாதி அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது” என்று ஒருவர் குறித்து வைக்கிறார். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கும்போது அது, “பின்பாதி சற்று அவசரமாக நகர்வதாக எனக்குத் தோன்றியது” என்று மாறுகிறது. இன்னொரு முறை படித்தால், “சில வாசகர்களுக்குப் பின்பாதி கொஞ்சம் வேகமாகத் தோன்றக்கூடும்” என்று ஆகிவிடுகிறது. யார் அந்தச் சில வாசகர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. தன் கருத்தை முகம் தெரியாத நாலு பேரின் தலையில் கட்டிவிட்டு எழுதியவர் ஒதுங்கிக்கொள்கிறார். எழுதுகிற பலரிடமும், என்னிடமும், இந்தப் பழக்கம் உண்டு.

தன் கருத்து சிறுபான்மையானது என்று நினைப்பவர் தனிமைப்பட அஞ்சி வாய்மூடிக்கொள்கிறார், அந்த மௌனமே எதிர்த்தரப்பை இன்னும் பெரிதாகக் காட்டுகிறது என்று 1974இல் ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் எழுதினார். சமூக ஊடகங்கள் இந்த மௌனச் சுழலை உடைக்கும் என்ற நம்பிக்கை பிற்பாடு பலருக்கு இருந்தது. ஆனால் அமெரிக்காவில் மக்கள் கருத்தை ஆராயும் ப்யூ ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட கணக்கெடுப்பு வேறு கதை சொன்னது. உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்நோடன் அம்பலப்படுத்திய அமெரிக்க அரசின் கண்காணிப்பைப் பற்றி நேரில் பேசத் தயார் என்று சொன்ன அமெரிக்கர்கள் 86 சதவீதம்; ஃபேஸ்புக், ட்விட்டர் பயன்படுத்துவோரில் அந்தத் தளங்களில் அதைப் பற்றி எழுதத் தயாராக இருந்தவர்கள் 42 சதவீதம் மட்டுமே.

இந்த இடைவெளிக்கு வசைக்குப் பயப்படுவது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் யார் என்று தெரியும். அவருடைய முகம் சுருங்குவதைப் பார்த்துப் பாதியில் குரலைத் தாழ்த்தலாம், விளக்கலாம், சிரித்து மழுப்பலாம். இணையத்திலோ மேலதிகாரி, பழைய ஆசிரியர், ஒன்றுவிட்ட சகோதரர், அந்த நாவலை எழுதியவர் என எல்லாரும் ஒரே வரியை, ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல், அவரவர் மனநிலையில் படிக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் பொருந்துகிற தொனி என்று ஒன்று இல்லாததால்தான் வாக்கியம் தேய்ந்துகொண்டே போகிறது. அழித்துவிடலாம் என்பதும் வெறும் ஆறுதல்தான். யாரோ ஒருவர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட், முன்னும் பின்னும் வெட்டப்பட்டு, பல வருடம் கழித்துக்கூட வந்து நிற்கும்.

தயக்கம் முழுவதையும் கோழைத்தனம் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. “இது எனக்கு உண்மையிலேயே தெரியுமா?” என்று கேட்கிற தயக்கம் எழுத்தைத் திருத்துகிறது, ஆதாரம் தேட வைக்கிறது, சில சமயம் எழுதாமல் விடவும் வைக்கிறது. “இவர் என்ன நினைப்பார்?” என்று கேட்கிற தயக்கம் வினையடைகளைத்தான் கூட்டுகிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் தோன்றும் என்பதுதான் சங்கடம்.

வாரத்துக்கு ஒரு சர்ச்சை வெடிக்கிறபோது, “நீ ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை?” என்று எழுத்தாளரைக் கேட்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வரிக்காக வேலை பறிபோகக்கூடிய நிலையில் இருப்பவரிடம் துணிந்து எழுதச் சொல்ல, அந்த விலையைக் கொடுக்க வேண்டியிராத எவருக்கும் உரிமை கிடையாது.