பழைய படகுக்குப் பதில் எந்தப் படகு?

புதுசு தேடக் கிளம்புமுன் பழைய படகைக் கரையேற்றி, அதன் குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். வேகம் வரவில்லையா? பாரம் ஏறினால் பின்புறம் தாழ்கிறதா? எதிர்க்காற்றில் அலை அடித்து உடம்பை உலுக்குகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. "இதைவிட ரெண்டு அடி நீளமா ஒண்ணு" என்று கேட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நீளம் கூடினால் எஞ்சின் கூடும், எரிபொருள் கூடும், கரையேற்ற ஆளும் கூடும்.

வேகக் குறைவு மட்டும்தான் என்றால் முதலில் புரொப்பெல்லரைப் பாருங்கள். முழு பாரத்தோடு முழு திராட்டிலில் எஞ்சின் அதன் கையேட்டில் சொன்ன ஆர்பிஎம்மைத் தொடாவிட்டால் பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும். அதற்காகப் படகையே மாற்றுவது வீண் செலவு.

மாற்றத்தான் வேண்டும் என்றால் பாரக் கணக்கில் தொடங்குங்கள். நான்கு பேர் 300 கிலோ, 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 75, ஐஸ் 100, நனைந்த வலையும் நங்கூரமும் 100, மீன் 200. எஞ்சினைச் சேர்க்காமலே 775 கிலோ. பலர் விடும் கணக்கு எஞ்சின்தான். 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 70 கிலோவை ஒட்டி இருக்கும். அதே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவைத் தொடும். டூ ஸ்ட்ரோக்குக்காகக் கட்டிய படகில் அதை மாட்டினால் கூடுதல் எடை மொத்தமும் எஞ்சின் மாட்டும் பின்பலகையில் தொங்கும். தளத்து நீர் வெளியேற வைத்த ஓட்டை வழியாகவே கடல்நீர் உள்ளே வரும்.

அடிப்பகுதி 'வி' வடிவில் சரியும் கோணம் அடுத்தது. 12 பாகைக்குள் இருந்தால் நின்ற இடத்தில் அசையாது, குறைந்த திறனிலேயே எழும்பி ஓடும். ஆனால் அலையில் பட்டுப் பட்டென்று அறையும். 20 பாகைக்கு மேல் போனால் அலையைக் கிழித்துப் போகும். ஆனால் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று வலை இழுத்தால் சாயும். வலைத் தொழிலுக்கு 14-16 போதும் என்பது என் கட்சி. ஆழமான 'வி' வேட்டைத் தூண்டிலோடு தூரம் ஓடுகிறவர்களுக்கு.

பழைய ஃபைபர் படகு வாங்குவதானால், பாதி நேரத்தைப் பின்பலகைக்கு ஒதுக்குங்கள். பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். பிளாஸ்டிக் சுத்தியலால் மேலிருந்து கீழாக, ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாகத் திரும்பும். உளுத்த இடம் 'தொப்' என்று விழுங்கும். எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றியும் நீர் வடிகால் துளைக்கு அருகிலும்தான் முதலில் கெடும். சீலன்ட் காய்ந்து, துளை வழியாக நீர் இறங்கி, உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறிவிடும். விற்பவர் ஒப்புக்கொண்டால் கீழே உள்ள ஒரு திருகைக் கழற்றிப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ ஈர மரத்தூள் ஒட்டி வந்தாலோ அந்தப் படகை விட்டுவிடலாம். எஞ்சினைப் பாதி தூக்கி, கியர் பெட்டியின் மேல் ஆள் பாரத்தைச் சாய்த்தும் பாருங்கள். பலகை வளையவே கூடாது.

மேற்பூச்சில் நட்சத்திரமாக விரிந்த கீறல் ஏதோ மோதியதன் தழும்பு, பெரிதாகக் கவலை வேண்டாம். அடிச்சட்டங்களை ஒட்டி நீளவாக்கில் ஓடும் கீறல் வேறு சங்கதி: அங்கே உடல் வளைந்துகொண்டிருக்கிறது. அடியில் கொப்புளம் இருந்து, குத்தினால் காடி வாடையோடு நீர் வந்தால் ஃபைபருக்குள் நீர் புகுந்துவிட்டது.

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதலில் கையை வைத்துப் பாருங்கள். கம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தில்) சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். கியர் பெட்டியின் கீழ்த் திருகைத் தளர்த்தினால் எண்ணெய்க்கு முன் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கும். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது. பழைய எஞ்சினையே புதுப் படகில் மாட்டுவதானால் பின்பலகை உயரத்தை அளந்துகொள்ளுங்கள்: 15, 20, 25 அங்குலம் என்று வரும். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். ரொம்பக் கீழே போனால் வேகம் தின்னும், தண்ணீரை வாரி இறைக்கும்.

வெள்ளோட்டத்துக்கு இரண்டு பேரோடு போவதில் பிரயோஜனம் இல்லை. காலியாக இருந்தால் எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும். தண்ணீர் கேன்களையாவது நிரப்பிப் பாரம் ஏற்றுங்கள். ஓடும் வேகத்தில் திராட்டிலைக் குறைத்து, பின்னால் துரத்தி வரும் அலை பின்பலகையைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். கிளம்பும்போதே அடித்தளத்தைத் துடைத்து உலர்த்தியிருக்க வேண்டும். அரை மணி கழித்துப் பலகையைத் தூக்கி, தேங்கிய நீரை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் எங்கோ ஒழுகுகிறது. கரிக்காவிட்டால் மிதவை ஃபோமில் ஊறிய மழைநீர் வடிகிறது என்று வைத்துக்கொண்டு, எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ.