ஜீப்பும் பணியிடம்தான்: விசாகா கமிட்டிக்குப் போன கதை

நீலகிரியில் சோலைக்காட்டுத் தவளைகளைக் கணக்கெடுக்கும் ஒரு ஆய்வுத் திட்டத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். மழைக்காலத்து ராத்திரிகளில்தான் வேலையே. அவலாஞ்சி பக்கம் ஜீப்பில் போய், ஹெட்லேம்ப் மாட்டிக்கொண்டு ஓடை ஓரமாக நடந்து, நள்ளிரவு தாண்டித் திரும்புவோம். திட்டத்துக்குப் பொறுப்பு எங்கள் சார். அவர் மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தேன், அதை விசாரிக்க நிறுவனத்துக்குள் இருக்கும் குழுவைத்தான் விசாகா கமிட்டி என்பார்கள். அவர் என்ன செய்தார் என்பது புகாரில் இருக்கிறது, இங்கே வேண்டாம். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டத்தின் 16வது பிரிவு புகாரின் விவரங்களை வெளியிடத் தடை போடுகிறது. அடையாளம் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றிப் பேச மட்டும் இடம் தருகிறது. அதனால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆபீஸில் நடக்கவில்லையே, ஜீப்பில் நடந்ததற்கு ஆபீஸ் கமிட்டி என்ன செய்யும் என்றுதான் முதலில் நினைத்தேன். தெரிந்த வக்கீல் அக்கா சிரித்தார். வேலை நிமித்தமாகப் போகிற இடம், நிறுவனம் கொடுக்கிற வண்டி எல்லாமே அந்தச் சட்டப்படி பணியிடம்தான். ஒப்பந்தத்தில் இருப்பவர், பயிற்சிக்கு வந்தவர் என்றெல்லாம் ஒதுக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி இன்னொரு மூன்று மாதம் தரலாம்.

புகாரை ஆறு பிரதியாகக் கொடுக்கச் சொல்கிறது விதி. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் படித்துவிடுவாரோ என்று வெளியே வந்த ஒவ்வொரு தாளையும் நானே எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அவருக்கோ முடிப்பதற்குள் கரன்ட் போய்விடுமோ என்ற கவலை மட்டும்தான்.

சார் எழுதிக் கொடுத்த பதிலில், குறிப்பிட்ட ஒரு ராத்திரி தான் ஃபீல்டுக்கே வரவில்லை என்றிருந்தது. அன்றைய டேட்டா ஷீட்டை எடுத்து வைத்தேன். நேரம், ஈரப்பதம், தண்ணீரின் வெப்பநிலை, கீழே பார்வையாளர் என்ற கட்டத்தில் அவர் கையாலேயே போட்ட இனிஷியல். வண்டி லாக் புக்கிலும் அதே தேதி. டிரைவர் அண்ணன் சாட்சி சொல்ல வந்தார். கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னார், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

விசாரணையில் யார் சார்பிலும் வக்கீல் ஆஜராகக் கூடாது. சாருக்கு எதிரே உட்கார முடியாது என்று எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள். கமிட்டிக்கு வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் கமிட்டிக்குக் கோவையிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாதான் உருப்படியான கேள்விகளைக் கேட்டார். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் சாரோடு சேர்ந்து பேப்பர் எழுதியவர்கள், வேறென்ன கேட்பார்கள்?

நடுவில் என்னை வேறு ஊர் சென்டருக்கு மாற்றுகிறோம் என்றார்கள், நல்ல எண்ணத்தில்தான். மழையை விட்டால் அடுத்த வருஷம்தான் தவளை. நான் போகமாட்டேன், என் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். இடைக்கால நிவாரணத்தில் அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் நாம் எழுத்தில் கேட்டால்தான். சான்றிதழும் சிபாரிசுக் கடிதமும் ஒரே ஆள் கையில் இருக்கிற நம் துறையில், இந்தச் சட்டத்திலேயே எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

90 நாளில் முடிக்க வேண்டிய விசாரணை அதைத் தாண்டியும் இழுத்தது. புகார் உறுதியானது. அவரைத் திட்டத்திலிருந்து எடுத்தார்கள், இன்கிரிமென்டை நிறுத்தினார்கள்.

ஆனால் நான் சேர்த்த டேட்டாவில் வரும் பேப்பரில் யார் பெயர் முதலில் வரும் என்பதைப் பற்றிச் சட்டம் பேசுவதில்லை. நிதி கொடுத்தவர்களுக்குத் தெரிவித்தார்களா என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தலைமை ஆய்வாளர் மீது இப்படி ஒன்று உறுதியானால் நிறுவனமே தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018இல் நிபந்தனை போட்டது. இங்கேயும் ஆய்வு மானியத்தோடு அப்படி ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். புகார் வந்தால் பணம் போய்விடும் என்று அமுக்கப் பார்ப்பார்கள் என்கிறார்கள் சிலர். இப்போது மட்டும் அமுக்காமலா இருக்கிறார்கள்?

பத்துப் பேருக்கும் குறைவாக இருக்கிற சின்ன ஃபீல்டு ஸ்டேஷனில் வேலை செய்கிறவர்கள் கமிட்டி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நிரூபிக்க முடியாமல் போனாலும் அந்த ஒரே காரணத்துக்காக அதைப் பொய்ப் புகார் என்று தண்டிக்க முடியாது, 14வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. புகார் கொடுக்கப் போவதற்கு முன் டேட்டா ஷீட்டையும் லாக் புக்கையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.