மொனிட்டருக்கு ஒரு வயர் வாங்கப் பட்ட பாடு

27 அங்குல 4கே மொனிட்டர் வாங்கி, பெட்டிக்குள் வந்த எச்.டி.எம்.ஐ. வயரையே (கணினியிலிருந்து திரைக்குப் படம் கொண்டுபோகும் வயர்) லெப்டொப்பில் மாட்டினேன். படம் வந்தது, எழுத்தும் கூர்மையாக இருந்தது. ஆனால் மௌஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுப் போனது. பக்கத்தை உருட்டினால் வரிகள் நடுங்கின. நான் சஞ்சிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் பக்க வடிவமைப்புச் செய்கிறவள். சின்ன எழுத்தில் ஒற்றுப்புள்ளி விழுந்திருக்கிறதா, ணகரமா னகரமா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் தொழில். அந்தத் திரையின் முன்னால் கொஞ்ச நேரம் இருந்ததுமே கண் எரிந்து தலையிடி வந்துவிட்டது.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போய்ப் பார்த்தேன். 3840 × 2160, 30 ஹேர்ட்ஸ் என்று இருந்தது, அதாவது 4கே படம் செக்கனுக்கு 30 தடவைதான் மாறுகிறது. மொனிட்டரோ 60 ஹேர்ட்ஸ் காட்டக்கூடியது. புதிதாக மொனிட்டர் வாங்குகிற எல்லாரும் முதல் வேலையாக இந்த இடத்தைப் பாருங்கள். பாதி வேகத்தில்தான் ஓடுகிறது என்று திரை உங்களுக்குத் தானாகச் சொல்லாது.

மொனிட்டரை வாங்கிய காலி வீதிக் கடைக்கே போனேன். கவுண்டரில் நின்ற தம்பி நான் சொல்லி முடிக்க முதலே, "பெட்டியில வாற வயர் சரியில்ல மிஸ், இத எடுங்க" என்று ஒன்றை நீட்டினார். பின்னிய நூல் உறை, தங்க முலாம் பூசிய முனை, பெட்டியில் '2.1', '8கே' என்று பெரிய எழுத்து. விலையும் அதற்கேற்ற மாதிரி. வீட்டில் மாட்டினால் அதே 30. திருப்பிக் கொண்டுபோனபோது, பெட்டி உடைத்த சாமான் எடுக்கமாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார்கள். "வயர்ல பிழையில்ல மிஸ், உங்க லெப்டொப்தான் பழசு" என்றார் அதே தம்பி. என்ன லெப்டொப் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வயரை விற்க முன்னம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் காசும் மிஞ்சியிருக்கும், அலைச்சலும் மிஞ்சியிருக்கும். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

லெப்டொப் தயாரித்த கம்பனியின் இணையத்தளத்தில் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடினேன். வயர் மாட்டும் ஓட்டையின், அதாவது போர்ட்டின், பதிப்பு எச்.டி.எம்.ஐ. 1.4 என்று ஒரே ஒரு வரி இருந்தது. விஷயம் முழுக்க அதற்குள்தான். 2009இல் வந்த 1.4 செக்கனுக்கு 10.2 ஜிகாபிட் தகவல்தான் அனுப்பும். 4கே படத்துக்கு அது 30 ஹேர்ட்ஸ் மட்டும் காணும். 60 வேண்டுமென்றால் 18 ஜிகாபிட் வரை போகிற 2.0 வேண்டும், அது வந்தது 2013இல். லெப்டொப்பின் போர்ட் 1.4 ஆக இருக்கும்போது எவ்வளவு விலையான எச்.டி.எம்.ஐ. வயர் போட்டும் பிரயோசனம் இல்லை. கணினியின் போர்ட், வயர், மொனிட்டரின் போர்ட் மூன்றில் எது குறைவோ அந்த அளவுதான் திரையில் வரும்.

பெட்டியில் உள்ள '2.1' என்ற இலக்கத்தை நம்பவும் வேண்டாம். எச்.டி.எம்.ஐ. வயர்களுக்கு முறையான தரம் பெயரால்தான்: 18 ஜிகாபிட்டுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 48 ஜிகாபிட்டுக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'. அல்ட்ரா என்றால் போனால் ஸ்கேன் பண்ணக்கூடிய ஸ்டிக்கர் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். எனக்கு விற்ற பெட்டியில் அப்படி எதுவும் இல்லை.

மொனிட்டரின் பின்னால் டிஸ்பிளே போர்ட் என்ற வேறு வகைப் பட போர்ட் ஒன்று சும்மா இருந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்க 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கடை. கடைக்கார நானா ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறு முனை டிஸ்பிளே போர்ட் உள்ள வயரை எடுத்துத் தந்தார். "லெப்டொப்புக்கு எச்.டி.எம்.ஐ. பக்கம், மொனிட்டருக்கு மற்றப் பக்கம். வேலை செய்யுமா நானா?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் பூந்தா வேலை செய்யத்தானே வேணும் தங்கச்சி" என்றார்.

வேலை செய்யவில்லை. 'நோ சிக்னல்' என்று மட்டும் வந்தது. இந்த வகை வயர் ஒருவழிப் பாதை. கணினியில் டிஸ்பிளே போர்ட், திரையில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் மட்டுமே படம் போகும். எதிர்த் திசைக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் தனிக் கன்வேர்ட்டர் வேண்டும். அதை வாங்கினாலும் என் லெப்டொப்பின் 1.4 ஓட்டை வழியாகத்தான் படம் வெளியே வரும், ஆகவே அதே 30தான். எதை எதிலிருந்து எதற்கு மாட்டப் போகிறீர்கள் என்று திசையோடு சொல்லிக் கேளுங்கள்; முனைகள் பொருந்துவதை மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள்.

நானாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். முகம் சுளிக்காமல் வயரைத் திருப்பி எடுத்தார். பதிலுக்கு யூ.எஸ்.பி. சி ஹப் ஒன்று தந்தார்: எச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி., மெமரி கார்ட் எல்லாம் ஒன்றாக உள்ளது. அதிலும் 30. இதற்குக் காரணம் வேறு. யூ.எஸ்.பி. சி என்கிற டைப் சி போர்ட்டில் வேகமான தடங்கள் நான்கு. பல ஹப்கள் அதில் இரண்டை யூ.எஸ்.பி. 3க்குக் கொடுத்துவிட்டு மிச்ச இரண்டில் படத்தை அனுப்புகின்றன. டைப் சி வழியாகப் படம் போவதும் டிஸ்பிளே போர்ட் முறையில்தான்; அது பழைய 1.2 ஆக உள்ள லெப்டொப் என்றால் அந்த இரண்டு தடத்தில் 4கே 60 போகாது. ஹப் பெட்டியில் '4கே' என்று மட்டும் இருந்தால் 30 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். '4கே 60' என்று எழுதியிருந்தாலும் உங்கள் லெப்டொப்போடு பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் அந்த ஹப்பால் ஒன்று தெளிவானது: என் டைப் சி போர்ட் வழியாகப் படம் வருகிறது. எல்லா டைப் சி போர்ட்டிலும் வராது. பக்கத்தில் டி எழுத்துக்குள் பி எழுத்து வைத்த குறியோ தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பின் மின்னல் குறியோ இருந்தால் வரும். குறி இல்லாவிட்டால் இணையத்தளத்தில் மொடலைத் தேடிப் பாருங்கள்.

கடைசியில் லெப்டொப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இருந்த பெடியன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, லெப்டொப்பை வாங்கித் திருப்பிப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு ஹப் தேவையில்ல. டைப் சியிலிருந்து நேரா டிஸ்பிளே போர்ட்டுக்குப் போற வயர்தான் வேணும்" என்றார். நேரடி வயர் நான்கு தடத்தையும் படத்துக்கே கொடுக்கும், 1.2 ஆக இருந்தாலும் 21.6 ஜிகாபிட், 4கே 60க்குத் தாராளம். காட்சிக்கு வைத்திருந்த 4கே மொனிட்டரில் மாட்டச் சொன்னேன். மாட்டினார். அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயைத் திறந்தேன். 60! கடைக்குள் நின்று சத்தமாகவே "அப்பாடா" என்றேன். நான் முதலில் ஏமாந்த அந்த 8கே வயரைவிட இது விலையும் குறைவு.

வாங்கும்போது இரண்டு மீற்றருக்குள் வாங்குங்கள். நீளம் கூடக்கூடப் படம் வெட்டலாம். பல டிஸ்பிளே போர்ட் முனைகளில் சின்னக் கொக்கி இருக்கும், மேலே உள்ள பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் மொனிட்டரின் போர்ட்டே உடையலாம். போன் சார்ஜருடன் வருகிற டைப் சி வயர் பெரும்பாலும் படம் கொண்டுபோகாது. தனிக் கிராபிக்ஸ் கார்ட் போட்ட டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் வயரை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் மாட்ட வேண்டும். 60 வந்த பிறகும் நிற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயில் ஆர்.ஜி.பி. அல்லது 4:4:4 என்று, அதாவது நிறத்தைக் குறைக்காமல் அனுப்பும் முறை என்று, இருக்கிறதா பாருங்கள். எழுத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு இது முக்கியம்.

பில்லில் வெறுமனே 'கேபிள்' என்று எழுத விடாதீர்கள். '4கே 60 ஹேர்ட்ஸ்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். யூனிட்டி பிளாசாப் பெடியன் உடனே எழுதித் தந்தார். காலி வீதிக் கடையின் பில்லையும் அந்த '2.1' பெட்டியையும் எறியாமல் வைத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அவற்றை வைத்து முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.