கல்யாணப் படத்தின் பின்சுவர்

சிலேட்டில் சாக்பீஸால் வீட்டு எண்ணை எழுத வேண்டும். அதைக் குடும்பத்தில் மூத்தவர் கையில் கொடுத்து, இடிந்த வீட்டின் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். 2001 பிப்ரவரியில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்துக்கு நிலநடுக்கச் சேதக் கணக்கெடுப்புக்குப் போன எங்கள் குழுவில் கேமரா என் பொறுப்பு. வீட்டுக்கு இரண்டு படம், ரோலுக்கு 36. சேதத்தை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரித்துப் படிவத்தில் குறிப்போம். ஜி1 என்றால் லேசான விரிசல். ஜி5 என்றால் வீடே இல்லை. அஞ்சார் பக்கம் நான் நடந்த கிராமங்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜி5 தான் எழுதினேன்.

முதல் இரண்டு நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. சிலேட்டைக் கொடுத்தவுடன் நிற்க மாட்டார்கள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வார்கள். ஒரு தாய் கூடாரத்துக்குள் ஓடிப்போய்ச் சீப்பு எடுத்துவந்து, பையனுக்குத் தண்ணீர் தொட்டு வகிடெடுத்து வாரிவிட்டாள். எனக்கோ பின்னால் கிடக்கும் கற்குவியல் முழுதாகப் படத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது நாள் ஒரு பெண், "சாகேப், எங்களுக்கு ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. பெட்டி, பீரோவோடு அவர்களுடைய படங்களும் கல்லுக்கு அடியில் போயிருந்தன. ஃபைலில் ஒட்டுவதற்காக நான் எடுக்கும் படம்தான் இனி அவர்கள் கையில் இருக்கப்போகும் குடும்பப் படம். அதன் பிறகு சீப்பு எடுக்கப் போனவர்களுக்காகக் காத்திருந்தேன். காந்திதாமில் ரோல் கழுவக் கொடுக்கும்போது என் செலவில் கூடுதல் பிரதி போட்டேன். எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. குழு வேறு பக்கம் மாறியதும் ஓர் உறை நிறையப் படங்கள் என்னிடமே தங்கிவிட்டன. இன்றும் என்னிடம்தான் இருக்கின்றன. அந்த உறையை எடுக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

சிலருக்குப் படம் தப்பியிருந்தது. வீட்டுக்கு மாடி இருந்தது, பின்கட்டில் இரண்டு அறை இருந்தது என்று காட்டுவதற்காக அவற்றைக் கொண்டுவருவார்கள். பூணூல், கல்யாணம், ராணுவத்தில் சேரப் புறப்பட்ட மகன் என்று எத்தனையோ படங்கள். அவர்கள் முகத்தைக் காட்டிப் பேசுவார்கள். நான் படத்தில் இருப்பவர்களின் தோளுக்குப் பின்னால் தெரியும் ஜன்னலையும் உத்தரத்தையும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்படி வந்த ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். கண்ணாடி உடைந்து, ஒரு சில்லு மணப்பெண்ணின் முக்காட்டோரம் கீறியிருந்தது. 1959-இல் எடுத்த அவருடைய கல்யாணப் படம். வீட்டின் முன்சுவரில் சாய்ந்தாற்போல் இருவரும் நிற்கிறார்கள். அந்த வீடு கட்டிய கதையையும் அவரே சொன்னார். 1956 ஜூலையில் அஞ்சாரில் வந்த நிலநடுக்கத்தில் பழைய வீடு விழுந்துவிட்டது. அவருடைய அப்பா அந்தக் கற்களையே பொறுக்கியெடுத்து, மண் சாந்து வைத்து மறுபடி கட்டியிருக்கிறார். கல்யாணத்துக்குள் பூச்சு வேலை முடியவில்லை. அதனால் படத்தில் சுவர் கல் கல்லாகத் தெரிந்தது.

வேலைப் பழக்கம், கண் நேரே அங்கேதான் போனது. செதுக்காத கல். ஒன்றரை அடிச் சுவரில் உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் மண்ணும் சல்லியும். கதவோரம் முடியும் இடத்தில் சுவரின் குறுக்கு வெட்டே தெரிந்தது. இரண்டு வரிசையையும் பிணைக்கும் நீளக் கல், நாங்கள் த்ரூ ஸ்டோன் என்போமே, ஒன்றுகூட இல்லை. கதவு நிலைக்கு மேலே, சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை இல்லை. இப்படிப்பட்ட சுவர் பாரத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்கும். பக்கவாட்டில் உலுக்கினால் இரண்டு வரிசையும் பிரிந்து வயிறு தள்ளும். அப்புறம் ஓட்டுக்கூரை நேரே உள்ளே இறங்கும்.

2001 ஜனவரி 26, காலை 8.46. பெரியவர் வயலில் இருந்தார். பேரப்பிள்ளைகள் குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் போய்ப் பள்ளி மைதானத்தில் நின்றதால் பிழைத்தார்கள். அதே காலையில் அஞ்சார் நகரத்தில் குறுகிய சந்தில் ஊர்வலம் போன பிள்ளைகள் மீது இரண்டு பக்க வீடுகளும் சரிந்தன. பெரியவரின் மனைவி அடுப்படியில் இருந்தார். படத்தில் அவர் சாய்ந்து நின்ற அதே சுவர்.

"என்ன சாகேப் இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?" என்றார்.

அறைக் கணக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. என் அரைகுறை இந்தியில், கீழே கிடந்த கற்களையே எடுத்து அடுக்கிக் காட்டினேன். முதலில் நடுவில் பிணைப்பு இல்லாமல் இரண்டு வரிசை. கையால் தட்டினேன், பிரிந்தது. பிறகு ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைத்துத் தட்டினேன், நின்றது. அவர் குந்தி உட்கார்ந்து, அதைத் தானே ஒருமுறை செய்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார் கடைசியில். நான் செய்தது சரிதானா என்று அன்று ராத்திரி கூடாரத்தில் தூக்கமே இல்லை. மனைவியைப் புதைகுழியாக மூடிய சுவரை அவருடைய அப்பா கட்டினார் என்று அல்லவா சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. 1819-இல் நிலம் உயர்ந்து அல்லா பந்த் என்ற மேடு எழும்பிய நிலநடுக்கத்தையே அந்த ஊரில் கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறார்கள். நினைவு தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது, கல்லை எப்படி வைப்பது என்பது வரவில்லை. பன்னி புல்வெளிப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. அங்கே வட்டமான மண்சுவரும் லேசான புல்கூரையும் உள்ள புங்கா வீடுகளில் பல, சிறு விரிசலோடு நின்றிருந்தன.

2002-இல் மறுபடி அந்த ஊருக்குப் போனேன், இந்த முறை வீட்டு வேலையைச் சோதித்து, அரசு உதவித்தொகையின் தவணைக்குக் கையெழுத்துப் போட. பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். புது வீட்டில் அடித்தள மட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில், கூரை மட்டத்தில் என்று கான்கிரீட் பட்டை சுற்றி ஓடியிருந்தது. மூலைகளில் செங்குத்துக் கம்பி. கொத்தனார் என்னைத் தனியாக அழைத்து, "தினமும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உயிரை எடுக்கிறார் சாகேப்" என்றார்.

மறுநாள் பூச்சு வேலை ஆரம்பிப்பதாக இருந்தது. பெரியவர் அதை நிறுத்திவைத்திருந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டிவந்து, பூசாத சுவருக்கு முன்னால் நிறுத்தினார். கல்யாணப் படத்தைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டார். அதற்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"சாகேப், பட்டை முழுசாகத் தெரிகிறதா பாருங்கள்" என்றார். நான் கேமராவை எடுத்து, நாலடி பின்னால் போனேன். மருமகள் கடைசிப் பேத்தியின் தலையை இன்னும் வாரிக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன்.