அக்கம்பக்கம் இல்லாத வீடு: கியோட்டோ நாட்குறிப்பு

நவம்பர் 12, 2024, செவ்வாய்

நாளைக்குத்தான் முரின்-அன் தோட்டத்துக்கு முன்பதிவு. சரி, அங்கே ஓடும் தண்ணீர் வரும் வழியை இன்றே பார்த்துவிடலாம் என்று நான்சென்-ஜி கோயில் பக்கம் நடந்தேன்.

தலைநகரம் தோக்கியோவுக்குப் போனபின் களையிழந்து கிடந்த கியோட்டோவை நிமிர்த்த, பீவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து ஒரு கால்வாய் கொண்டுவந்தார்கள். 1890இல் வேலை முடிந்தது. பொறியாளர் தனாபே சகுரோ 1883இல்தான் படிப்பை முடித்தவர். சின்னப் பையன்!

அதன் கிளை வாய்க்கால் ஒன்று, கோயில் வளாகத்துக்குள்ளேயே செங்கல் வளைவுகளின் மேல் ஓடுகிறது. கீழே வளைவுக்குள் நின்று படமெடுக்க வரிசை. மேட்டில் ஏறித் தண்ணீரை எட்டிப் பார்த்தது நானும் ஒரு தாத்தாவும்தான். நல்ல வேகம்.

நவம்பர் 13, புதன்

முரின்-அன் என்றால் அக்கம்பக்கம் இல்லாத குடில். இருமுறை பிரதமராக இருந்த யாமகதா அரிதோமோ 1894 முதல் 1896 வரை கட்டியது. சொந்த ஊர்ப் பக்கம் அவர் கட்டிய முதல் வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தியது. இது மூன்றாவது வீடு, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கு வெளியே சாலை, கொஞ்சம் தள்ளி மிருகக்காட்சிச் சாலை.

குளம் வெட்டிக் கடல் என்று பாவனை பண்ணுவதில் யாமகதாவுக்கு ஆசையில்லை. ஊர்ப்புறத்து ஓடை வேண்டும், பாசிக்குப் பதில் புல்வெளி வேண்டும் என்றார். தோட்டக் கலைஞர் ஏழாம் ஒகாவா ஜிஹேய் அப்படியே அமைத்துக் கொடுத்தார். கிழக்குக் கோடியில் மூன்றடுக்கு அருவி; அதற்கும் பின்னால், தோட்டத்தின் பாகம் போலவே ஹிகாஷியாமா மலை. மேப்பிள் இன்னும் முழுதாகச் சிவக்கவில்லை.

ஓடையருகே குந்தி உட்கார்ந்தேன். கணுக்கால் அளவுகூட ஆழமில்லை. ஆழமில்லாததால்தான் சத்தம்: ஒவ்வொரு கூழாங்கல்லிலும் தண்ணீர் இடறிச் சலசலக்கிறது. ஒரு இலை கல்லிடுக்கில் மாட்டி, சுற்றிச் சுற்றி, அப்புறம் நழுவிப் போனது. அது போகும்வரை நானும் எழுந்திருக்கவில்லை.

அதே நாள், இரவு

எழுதாமல் விட்டது: தோட்டத்து ஓரத்தில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். மாடியில் தங்கப் பின்னணியில் கனோ என்ற பழைய ஜப்பானிய ஓவிய மரபுச் சுவரோவியம், நடுவே மேசை நாற்காலி. 1903 ஏப்ரல் 21 அன்று யாமகதா, முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமி, பிரதமர் கத்சுரா, வெளியுறவு அமைச்சர் கொமுரா நால்வரும் ரஷ்யாவை என்ன செய்வது என்று பேசியது இங்கேதான். அடுத்த பிப்ரவரியில் போர். அந்த மிருகக்காட்சிச் சாலை திறந்ததும் அதே ஏப்ரலில்தான். அறை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. விடுதிக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தேநீர் போட்டேன். இந்த ஊர்க் குழாயில் வருவதும் அதே பீவா ஏரித் தண்ணீர்தான்.