சிவப்பு விளக்கும் பாட்டுப்பெட்டியும்

பழைய டேப்ரிக்கார்டரை எடைக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். முடியவே முடியாது என்றேன்.

கருப்பு வெள்ளைக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் எனக்குத் துணை அதுதான். படத்தை வரவழைக்கும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ என்று வரிசையாக மூன்று டிரே, மேலே சிவப்பு விளக்கு, ஓரத்தில் பாட்டு. படம் விழும் ஃபைபர் தாளை டெவலப்பரில் போட்டால் 2 நிமிடமாவது டிரேயை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கடிகாரம் பார்த்ததில்லை. பல்லவி முடிந்து சரணம் பாதி வரும்போது முகம் தெளிந்திருக்கும். ஒரே கேசட்டைத் தேய்த்ததற்கு இதுதான் காரணம், ரசனை இல்லை! பியானோ கற்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் இருட்டறையில் நொடிகளை எண்ண, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் வைத்திருந்தார். நமக்கு தபேலா.

மே மாதம் மட்டும் கணக்கு உதைக்கும். டெவலப்பர் 20 டிகிரியில் நிற்காது, பல்லவியிலேயே படம் கறுத்துவிடும். ஐஸ் வாங்கி வந்து டிரேக்கு அடியில் வைப்போம்.

அப்புறம் அந்தக் கல்யாண ஃபிலிம். தாளுக்குச் சிவப்பு தெரியாது, ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். கழுவுவதற்காகக் கும்மிருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றும்போது டேப்ரிக்கார்டரின் குட்டிச் சிவப்பு விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. நான் பாட்டிலேயே லயித்திருந்தேன். கழுவிப் பார்த்தால் தாலி கட்டும் படம் முழுக்க வெளிச்சம் பட்டுப் புகைமூட்டம் மாதிரி. முதலாளி அன்று பேசியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அந்த விளக்கின் மேல் ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் இன்னும் அப்படியே இருக்கிறது.